சுருண்ட கம்பியின் கணக்கு

எம்1 கரண்ட் ரைபிளின் முன்பக்க மரக்கட்டைகளைக் கழற்றினால், பீப்பாய்க்குக் கீழே ஒரு நீளமான ஸ்பிரிங் தெரியும். புதிதாக இருந்தால், வெளியே எடுத்து மேசையில் கிடத்தும்போது அரை மீட்டருக்குச் சற்றே அதிகம் நீளும். கனடாவில் பிறந்த ஜான் கரண்ட், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் உருவாக்கிய ரைபிள் இது. 1936-ல் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றது. 1957 வரை ஐம்பது லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரானது. இரண்டாம் உலகப் போரையும் கொரியப் போரையும் பார்த்த அந்த ரைபிள்கள் இன்று அமெரிக்காவில் குறிபார்ப்புப் போட்டியாளர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. பழைய கரண்ட் ஒன்றை வாங்குபவர் முதலில் மாற்றுகிற பாகம் பெரும்பாலும் இந்த ஸ்பிரிங்தான்.

காரணம் இருக்கிறது. கரண்டில் இந்த ஒரே ஸ்பிரிங் இரண்டு வேலைகளைப் பார்க்கிறது. அதன் முன்முனை, சுட்டபின் பின்னுக்கு வந்த இயக்கத் தண்டை மறுபடி முன்னே தள்ளுகிறது. பின்முனை, நெம்புகோல்கள் வழியாக, கிளிப்பில் அடங்கிய எட்டுத் தோட்டாக்களைக் கீழிருந்து மேலே தூக்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் இரண்டும் சேர்ந்து கெடும். தோட்டா மேலே வரத் தாமதிக்கும். அதற்குள், பீப்பாயின் பின்வாயை மூடும் போல்ட் முன்னே பாய்ந்து தோட்டாவின் அடிவிளிம்பைப் பிடிக்காமல் அதன் முதுகில் ஏறிவிடும். ரைபிள் அங்கேயே நின்றுவிடும். 19 அங்குலத்துக்குக் கீழே சுருங்கிய ஸ்பிரிங்கை வைத்திருக்காதீர்கள் என்பது கரண்ட் வைத்திருப்பவர்களிடையே பரவலாக உள்ள விதி. புதியதோ 20 அங்குலத்தை ஒட்டி இருக்கும். ஓர் அங்குல வித்தியாசம்தான் ஓடுகிற ரைபிளுக்கும் நின்றுபோகிற ரைபிளுக்கும் இடையில் இருக்கிறது.

செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் என்றால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு வெளியேறும். அடுத்த தோட்டாவை ரைபிளே ஏற்றிக்கொள்ளும். அதற்கு வேண்டிய ஆற்றல் வெடிமருந்து வாயுவிலிருந்து வருகிறது. குண்டு பீப்பாயைக் கடக்கும்போது, பின்தொடரும் வாயுவில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியே பிரிந்து, போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கேரியர் போகிற வழியில் போல்ட்டின் பூட்டைத் திறந்து, காலித் தோட்டாக் கூட்டை இழுத்து வெளியே எறிகிறது. வாயுவின் பங்கு அத்துடன் முடிந்தது. மீதி முழுவதும் ஸ்பிரிங்கின் பொறுப்பு. அழுந்தியபோது சேமித்த ஆற்றலைக் கொண்டு கேரியரை முன்னே அனுப்ப வேண்டும், மேகசினிலிருந்து புதுத் தோட்டாவை உருவ வேண்டும், அதை அறைக்குள் செருக வேண்டும், போல்ட்டைத் திருப்பிப் பூட்ட வேண்டும். அழுக்கும் மணலும் எண்ணெய்ப் பிசுக்கும் வழியில் இருந்தாலும் செய்ய வேண்டும்.

தோளில் விழும் உதையைக் குறைப்பதற்குத்தான் இந்த ஸ்பிரிங் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பிலிருந்துதான் தவறான தேர்வுகள் தொடங்குகின்றன. உதை பலமாக இருக்கிறது, எனவே கடினமான ஸ்பிரிங் வாங்குவோம் என்று போய்விடுகிறார்கள். உதையின் உணர்வை ஸ்பிரிங் ஓரளவு மாற்றும், உண்மைதான். ஆனால் அதன் முதல் கடமை திரும்பிப் போகிற பயணம். ஒரு ஸ்பிரிங் நம்பகமானதா என்பதை அந்தப் பயணத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இன்று அமெரிக்காவில் மிகப் பரவலாக இருக்கும் செமி-ஆட்டோமேட்டிக் ரைபிள் ஏஆர்-15. யூஜின் ஸ்டோனரும் அவருடைய ஆர்மலைட் குழுவினரும் 1950-களின் பிற்பகுதியில் உருவாக்கிய வடிவம் அது. கோல்ட் நிறுவனம் 1959-ல் அதன் உரிமையை வாங்கியது. இதில் ஸ்பிரிங் பீப்பாய்க்கு அருகில் இல்லை. பின்கட்டைக்குள் போகும் ஒரு குழாயில் படுத்திருக்கிறது. அதன் முன்முனையில் பஃபர் என்ற உருளை. கேரியர் பின்னே வரும்போது பஃபரைத் தள்ளும், பஃபர் ஸ்பிரிங்கை அழுத்தும். சுடுபவர் கன்னத்தைப் பின்கட்டையில் பதித்திருப்பதால், ஒவ்வொரு முறையும் அந்தச் சுருள் குழாயின் சுவரில் உரசி அதிரும் ஓசை நேரே காதுக்குள் ஒலிக்கும். ஏஆர்-15 சுட்டவர்கள் யாரும் அந்த ‘ட்வாங்’ சத்தத்தை மறக்க மாட்டார்கள்.

இதே வடிவத்தின் ராணுவ உருவமான எம்16 வியட்நாமில் பட்ட பாடு, ஸ்பிரிங்கைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பதற்குப் பெரிய சாட்சி. 1964-ல் தோட்டாவில் நிரப்பும் வெடிமருந்து மாற்றப்பட்டது. முதலில் பயன்பட்ட குச்சி வடிவ மருந்துக்குப் பதிலாக, உருண்டை மணிகளாலான டபிள்யூ.சி. 846 என்ற மருந்து வந்தது. குண்டின் வேகம் எதிர்பார்த்தபடியே இருந்தது. ஆனால் வாயுத் துளையை எட்டும்போது அழுத்தம் முன்பைவிட அதிகமாக இருந்தது. கேரியர் கூடுதல் வேகத்தில் பின்னே பறந்தது. தானியங்கி முறையில் சுடும்போது நிமிடத்துக்கு 850 என்ற மேல்வரம்பைப் பல ரைபிள்கள் தாண்டின. கூடு இன்னும் அறைச் சுவரில் இறுகியிருக்கும்போதே போல்ட் அதை இழுக்கத் தொடங்கியது. வியட்நாமின் ஈரத்தில் குரோம் பூச்சில்லாத அறைகள் துருப்பிடித்தன. துப்புரவுக் கருவிகள் வீரர்கள் கையில் போதுமான அளவில் இல்லை. கூடுகள் சிக்கின. சிக்கிய ரைபிளோடு இறந்து கிடந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் அமெரிக்காவுக்கு வந்தன. 1967-ல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்து, அக்டோபரில் கடுமையான அறிக்கை தந்தது.

பல திருத்தங்கள் வந்தன. அறைக்குக் குரோம் பூச்சு வந்தது, துப்புரவுக் கருவிகள் வந்தன. அவற்றோடு, 1966 இறுதியில் தொடங்கி, பின்கட்டைக்குள் இருந்த பஃபரும் மாறியது. பழைய பஃபர் இலகுவானது; உள்ளே வளையங்களை அடுக்கிய அமைப்பு. புதியது கனமானது, உள்ளே முன்னும் பின்னும் நகரக்கூடிய எஃகு எடைகள். கேரியர் முன்னே போய் மோதி நிற்கும் கணத்தில் இந்த எடைகள் கொஞ்சம் தாமதமாக வந்து பின்னாலிருந்து இடிக்கும். கேரியர் துள்ளித் திரும்புவதை அந்த இடி அடக்கிவிடும். தானியங்கி முறையில் இந்தத் துள்ளல் பெரிய தொல்லை. கேரியர் சற்றே பின்வாங்கியிருக்கும் அதே நொடிப்பிசிறில் சுத்தியல் விழுந்தால் தோட்டா வெடிக்காது. செமி-ஆட்டோமேட்டிக்கில் அடுத்த குண்டுக்கு விரல் மறுபடி விசையை அழுத்த வேண்டும். எவ்வளவு வேகமான விரலும் அந்தத் துள்ளல் அடங்கிய பிறகுதான் அழுத்தும். அதனால், ராணுவ எம்16-க்குத் தேவைப்பட்ட காரணத்துக்காகவே தம்முடைய ரைபிளிலும் கனமான பஃபரும் கடுமையான ஸ்பிரிங்கும் போடும் விளையாட்டு வீரர், தமக்கு இல்லாத நோய்க்கு மருந்து வாங்குகிறார்.

வாயுவின் அளவு, கேரியரின் எடை, பஃபரின் எடை, ஸ்பிரிங்கின் விசை ஆகிய நான்கும் ஒரே கணக்கின் உறுப்புகள். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மட்டும் தனியாக நல்லது, கெட்டது என்று எதுவும் இல்லை.

ஸ்பிரிங் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சுருளை அழுத்தும்போது உள்ளிருக்கும் கம்பி வளைகிறது என்றுதான் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் கம்பி தன் நீளம் முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒவ்வொரு மில்லிமீட்டரும் திருகப்படுகிறது. திருகலின் தகைவு கம்பியின் மேற்பரப்பில்தான் உச்சம். அதிலும் சுருளின் உட்புறத்தில் மிக அதிகம். ஸ்பிரிங்கின் ஆயுளைப் பற்றிய கிட்டத்தட்ட எல்லா விஷயமும் இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைக்கிறது. கம்பியின் தோலில் ஒரு கீறல், ஒரு துருப்புள்ளி, ஓர் உலோக மடிப்பு இருந்தால் போதும். தகைவு அங்கே குவியும், விரிசல் அங்கே தொடங்கும்.

கம்பியின் தடிமனுக்கும் விசைக்கும் உள்ள உறவு பலரை ஏமாற்றும். மற்ற அளவுகள் மாறாமல் கம்பியை மட்டும் 10 சதவீதம் தடிமனாக்கினால் ஸ்பிரிங் 10 சதவீதம் அல்ல, 46 சதவீதம் கடினமாகிவிடும். கடினத்தன்மை கம்பி விட்டத்தின் நான்காம் படியில் ஏறுவதுதான் காரணம். சுருளின் விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால் கடினத்தன்மை 37 சதவீதம் கூடும். இவ்வளவு நுட்பமான கணக்கில், ‘எக்ஸ்ட்ரா பவர்’ என்று பெட்டியில் அச்சிட்டதை மட்டும் நம்பி வாங்குவது சூதாட்டம். எவ்வளவு கூடுதல், எந்த நீளத்தில் அளந்தது என்று சொல்லாத பெட்டி எதையுமே சொல்லவில்லை.

சாதாரண ரைபிள் ஸ்பிரிங்குகளில் பெரும்பாலும் பயன்படுவது மியூசிக் வயர். பியானோவின் தந்திகளுக்கு இழுக்கப்படும் அதே வகைக் கம்பி. 0.7 முதல் 1 சதவீதம் வரை கார்பன் உள்ள எஃகை, அச்சுத் துளைகள் வழியே குளிர்ந்த நிலையிலேயே மீண்டும் மீண்டும் இழுத்து மெலிதாக்குகிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் வலிமை கூடுகிறது. 1.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள மியூசிக் வயரின் இழுவலிமை சுமார் 2,000 மெகாபாஸ்கல். மலிவானது, சீரானது, நூறாண்டுக்கு மேல் சோதிக்கப்பட்டது. அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு: துருப்பிடிக்கும், சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அழுத்தத்தின் கீழ் மெல்லத் தளரத் தொடங்கும்.

அடுத்தது குரோம் சிலிக்கான். மோட்டார் என்ஜின்களின் வால்வு ஸ்பிரிங்குகளுக்கு உகந்தது என்று பெயர் பெற்ற எஃகு இது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு வால்வு 3,000 முறை திறந்து மூடும்; ஒரு மணி நேரத்தில் 1,80,000 முறை. தம் வாழ்நாளில் ஒரே ரைபிளில் 20,000 தோட்டா சுடுபவர்களே அரிது. குரோம் சிலிக்கான் 245 டிகிரி வரை தாங்கும். தளர்வையும் மியூசிக் வயரைவிட நன்றாக எதிர்க்கும். ஆனால் இதுவும் துருப்பிடிக்கும் எஃகுதான். எண்ணெய் பூசாமல் ஈரத்தில் விட்டால் அதன் உயர்ந்த வலிமையே அதற்கு எதிரியாகும். வலிமை ஏற ஏற, எஃகு சிறு புள்ளித் துருவுக்கும் கூர்மையான கீறலுக்கும் கூடுதலாகப் பயப்படும்.

மூன்றாவது 17-7 பி.எச். என்ற துருப்பிடிக்காத எஃகு. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: சுமார் 17 சதவீதம் குரோமியம், 7 சதவீதம் நிக்கல். கொஞ்சம் அலுமினியமும் சேர்ந்தது. கம்பியைக் குளிர்ந்த நிலையில் இழுத்து, சுருட்டி, பிறகு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் சூட்டில் வைப்பார்கள். அப்போது உள்ளே நுண்ணிய துகள்கள் பிரிந்து எஃகு இறுகுகிறது. வலிமை மியூசிக் வயரை நெருங்கும். சுமார் 340 டிகிரி வரை சூடு தாங்கும். கடலோரக் காற்றில், மழைக்காட்டில், வியர்வையில் புழங்கும் ரைபிளுக்கு இதுவே பொருத்தம். வெறும் 302 வகைத் துருப்பிடிக்காத எஃகு இதைவிட மலிவு, வலிமையும் குறைவு. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஸ்டெயின்லெஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எந்த உலோகம் வேண்டும் என்பதை ரைபிளில் ஸ்பிரிங் இருக்கும் இடம் தீர்மானிக்க வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஏஆர்-15-ன் ஸ்பிரிங் பின்கட்டைக்குள், பீப்பாயின் சூட்டிலிருந்து விலகி இருக்கிறது. அங்கே மியூசிக் வயருக்கு வெப்பம் பெரிய பிரச்சினை இல்லை. ஈரமும் வியர்வையும்தான் பிரச்சினை. கரண்டிலோ ஸ்பிரிங் சூடான பீப்பாய்க்குக் கீழேயே இருக்கிறது. வேகமாகத் தொடர்ந்து சுட்டால் அதற்கும் சூடு ஏறும். அங்கே குரோம் சிலிக்கானுக்கோ 17-7-க்கோ கூடுதலாகச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. ஏகே வகை ரைபிளில் ஸ்பிரிங் மேல்மூடிக்குக் கீழே, கேரியருக்குப் பின்னால். கேரியர் கனமானது, வாயுவும் தாராளம். அந்த வடிவம் ஸ்பிரிங்கின் சிறு தளர்ச்சிகளை மன்னிக்கும்.

உலோகத்தைவிட முக்கியமானது அந்த உலோகத்தை என்ன செய்தார்கள் என்பது. ஒரு நல்ல ஸ்பிரிங் தொழிற்சாலையில் சுருட்டிய பிறகு மூன்று வேலைகள் நடக்கும். முதலில், சுருட்டியபோது கம்பிக்குள் சிக்கிய தகைவுகளை மிதமான சூட்டில் வைத்து விடுவிப்பார்கள். அடுத்தது ஷாட் பீனிங்: மிகச் சிறிய எஃகு மணிகளை வேகமாக வீசி மேற்பரப்பு முழுவதையும் அடிப்பது. அடி வாங்கிய தோல் விரிய முயல, உள்ளே இருக்கும் உலோகம் விடாமல் பிடிக்க, மேற்பரப்பு நிரந்தரமாக நெருக்கப்பட்ட நிலையில் நிற்கும். விரிசல் திறக்க இழுப்பு வேண்டும். நெருக்கப்பட்ட தோலில் இழுப்புக்கு இடமில்லை. இந்தச் சிகிச்சை எவ்வளவு தீவிரமாக விழுந்தது என்பதை அளக்க, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் அல்மென் உருவாக்கிய சிறு எஃகுப் பட்டைதான் இன்றும் உலகமெங்கும் அளவுகோல். மூன்றாவது வேலை: ஸ்பிரிங்கைச் சுருள்கள் ஒன்றையொன்று தொடும்வரை முழுதாக அழுத்தி விடுவது. முதலில் கொஞ்சம் நீளமாகவே சுருட்டியிருப்பார்கள். இப்போது அது குறித்த நீளத்துக்குக் குறுகி அங்கேயே நிலைக்கும். இதைத் தொழிற்சாலையில் செய்யாவிட்டால், வாங்கியவரின் ரைபிளில் முதல் சில நூறு தோட்டாக்களின்போது அதுவே நடக்கும்.

பளபளப்பான பூச்சில் ஓர் ஆபத்து உண்டு. மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் அணுக்கள் கடின எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கலாம். பூசி முடித்தவுடன் சுமார் 190 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால்தான் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். அந்தப் படியைத் தவிர்க்கும் மலிவுத் தயாரிப்பில், பார்க்க அழகாக இருக்கும் ஸ்பிரிங் ஒருநாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முறிந்துவிடும்.

துப்பாக்கி ஸ்பிரிங்குக்கு என்ஜின் ஸ்பிரிங்குக்கு இல்லாத ஒரு சோதனை உண்டு. கேரியர் அதை மெதுவாக அழுத்துவதில்லை, மோதுகிறது. மோதிய முனையில் இருக்கும் சுருள்கள் முதலில் நெருங்கும். அந்த நெருக்கம் ஓர் அலையாகச் சுருள் வழியே மறுமுனைக்கு ஓடித் திரும்பும். இந்த அலை கம்பியில் கூடுதல் தகைவை ஏற்றுகிறது. எஃகுச் சுருளில் மோதும் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் கூடினால் தகைவு ஏறத்தாழ 35 மெகாபாஸ்கல் கூடும். விநாடிக்கு 5 மீட்டர் வேகம் என்று வைத்தால் 175. மெதுவாக அழுத்திப் பார்க்கும்போது பாதுகாப்பாகத் தெரிந்த ஸ்பிரிங், வேகமான மோதலில் எல்லையை நெருங்கிவிடலாம். வாயு மிதமிஞ்சி வரும் ரைபிளில் ஸ்பிரிங்குகள் சீக்கிரம் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அலையை அடக்க ஒரு பழைய உபாயம் உண்டு. ஜெர்மனியின் எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கியில் ஒற்றைக் கம்பிக்குப் பதிலாகப் பல மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பின்னிய கயிறு போன்ற கம்பியால் ஸ்பிரிங்கைச் சுருட்டினார்கள். மோதலின்போது இழைகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வை விழுங்கிவிடும். ஒரு இழை அறுந்தாலும் மற்றவை தாங்கும். பென்சில்வேனியாவின் கைஸ்லி நிறுவனம் ஏஆர்-15-க்கு மூன்று இழை ஸ்பிரிங் ஒன்றைத் தயாரித்து, அந்த எம்ஜி 42-ஐ நினைவூட்டும் விதமாகவே ‘சூப்பர் 42’ என்று பெயரிட்டது. மற்றொரு வழி தட்டைக் கம்பி. உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான கம்பியைச் சுருட்டினால் அதே இடத்தில் கூடுதல் சுருள்கள் அடங்கும். ஒவ்வொரு சுருளுக்கும் பங்கு குறையும். அமெரிக்கக் குறிபார்ப்புச் சாம்பியன் டேவிட் டப் தன் பெயரில் விற்கும் குரோம் சிலிக்கான் ஸ்பிரிங் இந்த வகை. இரண்டும் நல்ல யோசனைகள். ஆனால் வார இறுதியில் நூறு தோட்டா சுடுபவருக்கு இவை இல்லாமலே ரைபிள் நன்றாக ஓடும். ட்வாங் சத்தம் பிடிக்காதவர் வேண்டுமானால் வாங்கலாம்.

வாங்கும்போது முதலில் உறுதிசெய்ய வேண்டியது ரைபிளின் வகை. ஏஆர்-15-லேயே நீண்ட பின்கட்டைக் குழாய்க்கு ஒரு ஸ்பிரிங், சுருக்கி நீட்டும் கார்பைன் குழாய்க்கு இன்னொன்று. முன்னதில் 41 முதல் 43 சுருள்கள், பின்னதில் 37 முதல் 39. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் முழுப் பயணத்துக்கு இடம் இருக்காது, அல்லது விசை போதாது. பஃபரிலும் கார்பைன் வகைக்குப் பல எடைகள் உண்டு: சாதாரணமானது சுமார் 85 கிராம், எடைகளில் ஒவ்வொன்றாக எஃகுக்குப் பதில் டங்ஸ்டன் வைத்தால் சுமார் 108, 131, 153 கிராம் வரை போகும். வாயு அதிகமாக வரும் குட்டைப் பீப்பாய் ரைபிளில் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதைவிடப் பஃபரின் எடையைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் நல்ல வழி. எடை வேகத்தை இரு திசையிலும் தணிக்கும். கடின ஸ்பிரிங் பின்னே போகும் வேகத்தைக் குறைத்தாலும் முன்னே வரும் வேகத்தைக் கூட்டிவிடும். துப்பாக்கியின் முனை ஒவ்வொரு முறையும் தலை குனியும்.

பொருத்தியபின் சரியா என்று ரைபிளே சொல்லிவிடும். மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட வேண்டும். போல்ட் பின்னே நின்று பூட்டிக்கொண்டால் கேரியர் முழுப் பயணமும் வந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னே மூடிக்கொண்டால் வாயு போதவில்லை, அல்லது ஸ்பிரிங்கோ பஃபரோ அந்த ரைபிளுக்கு மிகக் கடினம். காலிக் கூடுகள் விழும் திசையும் செய்தி தரும். சுடும் திசையைக் கடிகாரத்தின் பன்னிரண்டு என்று வைத்தால், கூடுகள் மூன்று மணிக்கும் நாலரை மணிக்கும் இடையில் விழுவது ஆரோக்கியம். ஒன்று, இரண்டு மணித் திசையில் முன்னே தெறித்தால் கேரியர் அவசரமாக ஓடுகிறது. பயிற்சிக்கு வாங்கும் பலவீனமான தோட்டாவிலும் போட்டிக்கு வாங்கும் பலமான தோட்டாவிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். ஒன்றில் தேறி மற்றொன்றில் தோற்பது சாதாரணம்.

மாற்ற வேண்டிய நேரத்தைச் சொல்வதில் தோட்டா எண்ணிக்கையைவிட அளவுகோலே நேர்மையானது. அமெரிக்க ராணுவத்தின் பராமரிப்பு முறையில், எம்16 வகையின் நீண்ட ஸ்பிரிங் அழுத்தமில்லாமல் 11¾ அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. கார்பைன் ஸ்பிரிங் 10 1/16 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. வாங்கிய அன்றே துடைத்து, மேசையில் கிடத்தி, நீளத்தை அளந்து ஒரு காகிதத்தில் எழுதி ரைபிள் பெட்டியில் போட்டுவைப்பவருக்கு இதில் ஒரு சந்தேகமும் வராது. அடுத்த முறை கழற்றும்போது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்தாலே போதும். சுருள்களை விரல்நகத்தால் தடவிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். துருப்புள்ளியோ கீறலோ தட்டுப்பட்டால், நீளம் சரியாக இருந்தாலும் அந்த ஸ்பிரிங் போக வேண்டியதுதான்.

போல்ட்டைத் திறந்தே வைத்தால் ஸ்பிரிங் வீணாகும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. நன்றாக வடிவமைத்த ஸ்பிரிங்கில், அறை வெப்பத்தில், அசையாமல் அழுந்திக் கிடப்பதால் ஏற்படும் தளர்வு மிகக் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான முறை அழுந்தி விரிவதுதான் அதன் உண்மையான தேய்மானம். ரயில் அச்சுகள் ஏன் தாங்கக்கூடிய சுமையிலேயே ஒருநாள் உடைகின்றன என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வூலர் ஆராய்ந்து சொன்ன பாடம் இதுதான்: ஒருமுறை தாங்கும் சுமை லட்சம் முறை வந்தால் அதே உலோகம் தோற்கலாம்.

இந்தியாவில் எந்த ஸ்பிரிங்கை வாங்குவது என்ற கேள்வி சாதாரணக் குடிமகனின் அலமாரியில் இல்லை. ராணுவத்தின், காவல் துறையின் ஆயுதக் கிடங்குகளில் இருக்கிறது. 1960-கள் தொடங்கி பல பத்தாண்டுகள் இந்திய ராணுவம் சுமந்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். ரைபிள், பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். வடிவத்தைப் பின்பற்றி மேற்கு வங்கத்தின் இஷாபூர் தொழிற்சாலையில் தயாரானது. பிறகு வந்த 5.56 மி.மீ. இன்சாஸ் ரைபிள்கள் நம்முடைய திருச்சிராப்பள்ளி தொழிற்சாலையிலும் தயாராயின. எஸ்.எல்.ஆரில் ஸ்பிரிங் ஒன்றல்ல, இரண்டு. பின்கட்டைக்குள் பெரிய சுருளுக்குள் சிறிய சுருள் நிற்கிறது. விசையை இரண்டும் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொரு கம்பியின் தகைவும் குறைகிறது. ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று போல்ட்டை மூட முயலும். இப்படி ஒன்றினுள் ஒன்று நிற்கும் ஸ்பிரிங்குகளை எதிரெதிர்த் திசையில் சுருட்டுவதுதான் பொறியியல் வழக்கம். ஒரே திசையில் சுருட்டினால் சுருள்கள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து சிக்கும். பழைய ரைபிளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால், புதியது பழையதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். அதனால் இரட்டை ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரே தயாரிப்பாளரிடமிருந்து, ஒரே தொகுதியிலிருந்து வாங்கினால் இன்னும் நல்லது.